போர்டு மீட்டிங்கில் விருது, பயிற்சி, பட்ஜெட்: ஒரு பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அமெரிக்கப் புறநகர் ஒன்றில் இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்கவைக்கும் ஒருவர், முதல்முறையாகத் தங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின், போர்டு மீட்டிங்குக்குப் போயிருக்கிறார். முதலில் மாணவர் சாதனைகளுக்குப் பாராட்டு, புகைப்படம், கைதட்டல். அடுத்து ஆசிரியர் பயிற்சி பற்றி ஒரு விளக்கம். கடைசியில், பாதிப் பேர் கிளம்பிப் போன பிறகு, அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்ற அறிவிப்பு. "இந்த மூன்றுக்கும் தொடர்பு உண்டா? எங்கள் டிஸ்ட்ரிக்ட் நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஸ்டேடியம் கட்ட இருக்கும் பணம் டீச்சருக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகிறது? எச்-1பி விசாவில் இருக்கும் நான் அங்கே எழுந்து பேசலாமா?" என்று கேட்கிறார்.

பேசலாம், தாராளமாக. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். ஒரு டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட் ஆலோசனைக் குழுவில் பெற்றோர் தரப்பில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: அந்த மூன்றில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஆசிரியர் பயிற்சிதான் மற்ற இரண்டையும் பிணைக்கிறது. பணம் வகுப்பறைக்குள் போய்க் குழந்தையின் கற்றலாக மாறும் இடம் அதுதான். துண்டு விழும் ஆண்டில் முதலில் கைவைக்கப்படுவதும் அதில்தான்.

முதலில் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம். நாடு முழுக்க ஏறத்தாழ 13,000 டிஸ்ட்ரிக்டுகள், அரசுப் பள்ளிகளில் ஐந்து கோடிக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள். ஹவாய் முழுவதும் ஒரே டிஸ்ட்ரிக்ட். வேறு சில மாநிலங்களில் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கே தனித்தனி டிஸ்ட்ரிக்ட். பெரும்பாலான இடங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு போர்டு இருக்கும். அது டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியாக ஒரு சூப்பரின்டென்டென்ட்டை நியமிக்கும். தமிழ்நாட்டில் ஆசிரியர் நியமனமும் சம்பளமும் பாடத்திட்டமும் சென்னையில் முடிவாவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இவற்றில் பெரும்பகுதி நம் தெருக்கோடிக் கட்டடத்தில், ஐந்து அல்லது ஏழு பேர் கைதூக்கி முடிவாகிறது என்பது மனத்தில் பதியவே நாளாகும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், நம்மவர்கள் அதிகம் வசிக்கும் கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூ ஜெர்சி, நியூயார்க் ஆகியவற்றிலிருந்தே உதாரணங்களை எடுக்கிறேன்.

இனி அந்தப் பாராட்டு நிகழ்ச்சி. நேஷனல் மெரிட் என்ற நாடளாவிய உதவித்தொகைப் போட்டியின் செமிஃபைனலிஸ்ட், அறிவியல் கண்காட்சி, ஸ்பெல்லிங் பீ, ரோபாட்டிக்ஸ் என்று வரிசையாகக் குழந்தைகள் மேடையேறுவார்கள். அவர்களின் உழைப்புக்கு அந்தக் கைதட்டல் முழுவதும் தகும். ஆனால் டிஸ்ட்ரிக்ட் எப்படி நடக்கிறது என்பதை அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்யக் கூடாது. நேஷனல் மெரிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பில் சுமார் 13 லட்சம் பேர் அதற்கான பி.எஸ்.ஏ.டி. தேர்வை எழுதுகிறார்கள், ஏறத்தாழ 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட் ஆகிறார்கள். இந்த இடங்கள் மாநிலவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. கட்-ஆஃபும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் அது உச்சத்தில் இருக்கும். அங்கே தவறவிட்ட மதிப்பெண்ணோடு வேறொரு மாநிலத்தில் மேடையேறலாம். தவிர, அப்படித் தேறும் குழந்தைக்குப் பின்னால் பெற்றோரின் படிப்பு, வார இறுதி வகுப்புகள், வீட்டில் கிடைக்கும் அமைதி எல்லாம் இருக்கின்றன. டிஸ்ட்ரிக்டின் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் பட்டியலால் சொல்ல முடியாது.

வீடு வாங்கும்போது நாம் பார்க்கும், பத்துக்கு இத்தனை என்ற பள்ளி ரேட்டிங்குக்கும் இதே குறை பெருமளவு உண்டு. சராசரி மதிப்பெண் உயர்ந்திருந்தால், அங்கே வசதியான குடும்பங்கள் வசிக்கின்றன என்பதுதான் முதலில் தெரியவரும். ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் என்ற ஆய்வாளரின் குழு, நாட்டின் 11,000-க்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகளின் 3 முதல் 8-ஆம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டது. மூன்றாம் வகுப்பில் குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கும் குடும்ப வசதிக்கும் மிக நெருக்கமான தொடர்பு இருந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் வசதிக்கும் தொடர்பு மிகக் குறைவு. அந்த ஆய்வில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது சிகாகோ. பெரும்பான்மை ஏழைக் குழந்தைகள் படிக்கும் அந்த டிஸ்ட்ரிக்டில், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையிலான ஐந்து ஆண்டுகளில் மாணவர்கள் ஆறு ஆண்டுக்கான கற்றலைப் பெற்றிருந்தார்கள். சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் சிகாகோவைத் தோல்வி என்று ஒதுக்கியிருப்போம்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது வளர்ச்சி எண். ஒரே குழந்தைகள் போன ஆண்டு எங்கே இருந்தார்கள், இந்த ஆண்டு எங்கே வந்திருக்கிறார்கள் என்பது. 2015-இல் வந்த ஈ.எஸ்.எஸ்.ஏ. என்ற கூட்டாட்சிச் சட்டப்படி 3 முதல் 8 வரை ஒவ்வொரு ஆண்டும், ஹைஸ்கூலில் ஒரு முறையும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்தியாக வேண்டும். முடிவுகளைக் குறைந்த வருமானக் குடும்பங்கள், சிறப்புக் கல்வி பெறுவோர், ஆங்கிலம் கற்போர், இனவாரி என்று பிரித்து வெளியிட வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தலைக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். மாநிலக் கல்வித்துறையின் ரிப்போர்ட் கார்டு பக்கத்தில் இவை எல்லாம் கிடைக்கும். அதைத் திறந்து, உங்கள் பள்ளியில் பின்தங்கிய நிலையில் தொடங்கும் குழந்தைகள் எவ்வளவு நகர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நன்றாகப் படிக்கும் குழந்தை எங்கே இருந்தாலும் ஓரளவு படித்துவிடும். வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாத குழந்தையை ஒரு பள்ளி எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறது என்பதில்தான் அங்குள்ள கற்பித்தலின் தரம் தெரியும். நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இல்லாவிட்டாலும் அந்த எண் நமக்கும் முக்கியம். அவர்களுக்குப் பாடம் நடத்துவதும் அதே டீச்சர்கள்தான்.

வருகைப் பதிவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் குடும்பங்களோடு அது நேரடியாகத் தொடர்புடையது. பள்ளி நாட்களில் பத்து சதவீதத்தைத் தவறவிட்டால், அதாவது 180-இல் 18 நாள், நாள்பட்ட வருகைக்குறைவு என்று கணக்கு. கொரோனாவுக்கு முன் நாட்டில் சுமார் 15 சதவீதக் குழந்தைகள் இந்த நிலையில் இருந்தார்கள். 2022-இல் அது 28 சதவீதம் அளவுக்கு ஏறியது. டிசம்பர் விடுமுறையோடு மூன்று வாரம் சேர்த்து ஊருக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் இந்தக் கோட்டை எளிதாகத் தொட்டுவிடுவார்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மாநிலப் பணம் பெயர்ப்பட்டியலை வைத்து வருவதில்லை, தினசரி வருகையின் சராசரியை வைத்தே வருகிறது. கலிஃபோர்னியாவில் காரணம் சொல்லி எடுத்த விடுப்புக்கும் பணம் கிடையாது. தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில், போவதற்கு முன்பே பள்ளியில் கேட்டு இன்டிபென்டன்ட் ஸ்டடி (பள்ளிக்கு வராமலே பாடத்தை முடிப்பது) ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் பாடமும் விடாது, டிஸ்ட்ரிக்டுக்கும் வருகைக் கணக்கு குறையாது.

இப்போது ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறேன். பெற்றோருக்கு இது காலண்டரில் 'மாணவர்களுக்கு விடுமுறை' என்று குறித்த ஒரு நாள், அல்லது புதன்கிழமை சீக்கிரம் பள்ளி விட்டுவிடும் தொல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. பல இடங்களில் நடப்பது வெளியாள் ஒருவர் வந்து கேஃபட்டீரியாவில் நூறு பேருக்கு ஸ்லைடு காட்டிவிட்டுப் போவது. மழலையர் வகுப்பு டீச்சரும் ஹைஸ்கூல் வேதியியல் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே உரையைக் கேட்பார்கள். அதனால் குழந்தைகளுக்கு எந்தப் பயனும் தெரிவதில்லை. 2007-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துச் சலித்தது. கறாரான முறையில் நடத்தப்பட்டவை என்று தேறியவை ஒன்பதே. அவற்றில் சராசரியாக 49 மணி நேரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகளில் குறிப்பிடும்படியான பலன் எதுவும் இல்லை. இரண்டு நாள் வொர்க்‌ஷாப் என்பது 14 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

எது பலன் தருகிறது? அனுபவமுள்ள ஒரு கோச் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பது, முடிந்தபின் டீச்சரோடு பேசுவது, சில நாளில் திரும்பி வருவது. சங்கீத குரு பக்கத்தில் அமர்ந்து ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்பப் பாடவைப்பாரே, அந்த மாதிரி. 2018-இல் வெளியான, 60 ஆய்வுகளைத் தொகுத்த ஆராய்ச்சி, இந்த முறை கற்பித்தலைக் கணிசமாக மேம்படுத்துகிறது, மாணவர் மதிப்பெண்ணையும் ஓரளவு உயர்த்துகிறது என்று காட்டியது. திட்டம் பெரிதாகி நிறைய ஆசிரியர்களுக்கு விரியும்போது பலன் குறைகிறது என்பதையும் அதே ஆராய்ச்சி சொன்னது. காரணத்தை ஊகிக்கலாம். ஒரு கோச்சின் தலையில் நாற்பது டீச்சர்களைக் கட்டினால் அவர் யார் வகுப்பிலும் இருமுறை உட்கார முடியாது.

இதற்கு மாநில அளவிலான உதாரணம் வேண்டுமென்றால் மிசிசிப்பியைப் பாருங்கள். நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. தலைக்குச் செலவிடுவதிலும் பின்வரிசை. 2013-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில், நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கும் என்.ஏ.ஈ.பி. தேர்வில் அதன் சராசரி 209. நாட்டின் சராசரி 221. அந்த ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று மழலையர் முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கு மாநிலச் செலவில் நீண்ட பயிற்சி. மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே தேர்ந்தெடுத்து அனுப்பிய வாசிப்புக் கோச்சுகள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாவிட்டால் மேலே அனுப்பாமல் நிறுத்திவைப்பது. 2019-இல் மிசிசிப்பி 219-க்கு வந்து நாட்டின் சராசரியைத் தொட்டது. 2024-இலும் 219-இல் நின்றது. அதற்குள் நாட்டின் சராசரி 214-க்கு இறங்கியிருந்தது.

தேறாத குழந்தைகளை நிறுத்திவைத்ததால் எண் கூடித் தெரிகிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். எட்டாம் வகுப்பு வாசிப்பில் இதே அளவு ஏற்றம் வரவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன்: பணக்கார டிஸ்ட்ரிக்டுகள் பல சாதிக்காததை, குறைந்த பணத்தில், ஆசிரியர் பயிற்சியை விடாமல் பல ஆண்டுகள் நடத்தி ஒரு மாநிலம் சாதித்திருக்கிறது. அந்த 'பல ஆண்டுகள்' என்பதில்தான் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகள் கோட்டை விடுகின்றன. புதிய சூப்பரின்டென்டென்ட் வந்தால் புதிய திட்டம். அவர் போனால் அதுவும் போகும்.

ஏன் விடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள பட்ஜெட்டுக்குள் போக வேண்டும். ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு வரும் பணத்தில் சாதாரண ஆண்டுகளில் கூட்டாட்சி அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டப் பாதிப் பாதி சுமக்கின்றன. உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் சொத்து வரி. விலை உயர்ந்த வீடுகள் உள்ள ஊருக்குப் பணம் சேரும், மற்ற ஊருக்குச் சேராது. இதை எதிர்த்து டெக்சாஸின் சான் அன்டோனியோ பகுதிப் பெற்றோர் போட்ட வழக்கில், கூட்டாட்சி அரசியலமைப்பில் கல்வி அடிப்படை உரிமையாக இல்லை என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு சண்டை மாநிலங்களுக்குப் போனது. டெக்சாஸ் 1993 முதல் பணக்கார டிஸ்ட்ரிக்டுகளின் வரியில் ஒரு பகுதியை எடுத்து மற்றவற்றுக்குத் தருகிறது. கலிஃபோர்னியா 2013-இல் கொண்டுவந்த சூத்திரப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அடிப்படைத் தொகை உண்டு. குறைந்த வருமானக் குடும்பம், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புக் காப்பில் இருப்போர் என்ற வகையினருக்கு அதற்கு மேல் 20 சதவீதம். அவர்கள் 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும் டிஸ்ட்ரிக்டுகளுக்கு இன்னும் கூடுதல். நியூ ஜெர்சியில் உள்ளூர் வரியை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதற்குச் சட்டத் தடை. சில விலக்குகள் உண்டு.

இங்கே ஒரு கிளைச் செய்தி. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனியே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோர் நிறைய. உண்மையை எழுதுங்கள். ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். உதவி தேவைப்படும் குழந்தைக்கு அது சட்டப்படி கிடைக்கும். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் அதற்கான பணமும் பள்ளிக்கு வரும்.

செலவுப் பக்கத்தில் ஏறத்தாழ எண்பது சதவீதம் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும்தான். 'வீண் செலவைக் குறைத்தால் போதும்' என்ற பேச்சு இங்கே எடுபடாததற்குக் காரணம் அது. ஆளே கூட்டாவிட்டாலும் அடுத்த ஆண்டு செலவு ஏறும். பணிமூப்புக்கேற்ப ஒவ்வொருவரும் சம்பள அட்டவணையில் ஒரு படி ஏறுகிறார்கள், காப்பீட்டுக் கட்டணமும் ஏறுகிறது. வரவோ குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, ஒரு குழந்தைக்கு 10,000 டாலர் வரும் டிஸ்ட்ரிக்டில் 60 குழந்தைகள் குறைந்தால் ஆறு லட்சம் டாலர் போயிற்று. ஆனால் அந்த அறுபது பேரும் ஒரே வகுப்பிலிருந்து போக மாட்டார்கள். நான்கு பள்ளிகளில், பதின்மூன்று வகுப்புகளில், இங்கொருவர் அங்கொருவராகக் குறைவார்கள். ஒரு வகுப்பைக்கூட மூட முடியாது, பஸ் ஓடித்தான் ஆக வேண்டும்.

சிறப்புக் கல்வியைப் பற்றி இந்த இடத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் மீட்டிங்குகளில் இதைத் தவறாகப் பேசக் கேட்டிருக்கிறேன். மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தகுந்த கல்வி தர வேண்டும் என்று 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அதற்கான கூடுதல் செலவைச் சமாளிக்க, நாட்டின் சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சட்டத்தில் எழுதியது. இன்று தருவது 15 சதவீதத்துக்கும் கீழே. கடமை டிஸ்ட்ரிக்டின் தலையில். மீதிப் பணம் பொது நிதியிலிருந்து போகிறது. இதற்கு அந்தக் குழந்தைகளையோ அவர்களின் பெற்றோரையோ குறைசொல்வது பெரும் அநியாயம். வாக்குக் கொடுத்த காங்கிரஸ் அதை ஒருநாளும் முழுதாக நிறைவேற்றவில்லை. கேள்வி அங்கேதான் போக வேண்டும்.

சட்டப்படி குறைக்க முடியாதவை, ஒப்பந்தப்படி குறைக்க முடியாதவை, குறைத்தால் பெற்றோர் திரண்டு வந்து கேட்பவை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவது எது? கோச் பதவிகளும் பயிற்சி நாட்களும்தான். கோச்சை எடுத்துவிட்டால் எந்த வகுப்பும் டீச்சர் இல்லாமல் நிற்காது. எந்தப் பெற்றோரும் ஈமெயில் அனுப்ப மாட்டார்கள். விளைவு இரண்டு மூன்று ஆண்டு கழித்து மூன்றாம் வகுப்பு வாசிப்பில் தெரியும். அப்போது இரண்டையும் இணைத்துப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். கூட்டத்தில் நான் எதிர்த்துப் பேசிய வெட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இப்போதைய நெருக்கடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொரோனா காலத்தில் கூட்டாட்சி அரசு மூன்று தவணையாக ஏறத்தாழ 190 பில்லியன் டாலரைப் பள்ளிகளுக்குத் தந்தது. கடைசி, பெரிய தவணையான 122 பில்லியனை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒதுக்கி முடிக்க வேண்டும் என்று கெடு. பல டிஸ்ட்ரிக்டுகள் அந்தப் பணத்தில் கோச்சுகளையும் வாசிப்பு உதவி ஆசிரியர்களையும் நிரந்தரப் பதவிபோல அமர்த்தின. கெடு முடிந்தது, பதவிகள் மட்டும் அந்தரத்தில். ஆசிரியர் பயிற்சிக்கென்றே ஆண்டுதோறும் வரும் டைட்டில் டூ நிதி, நாடு முழுக்கச் சேர்த்து 2.2 பில்லியன் டாலர் அளவு. அதுவும் உறுதியானதில்லை. 2025 ஜூலை முதல் தேதி டிஸ்ட்ரிக்டுகளுக்கு வர வேண்டிய பணத்தை, வேறு சில நிதிகளோடு சேர்த்துக் கூட்டாட்சி நிர்வாகம் நிறுத்திவைத்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் அந்த மாத இறுதியில்தான் விடுவித்தது. ஆகஸ்ட் பயிற்சி வாரத்துக்குத் திட்டம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் அந்தச் சில வாரங்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

ஸ்டேடியம் கேள்விக்கு வருகிறேன். டிஸ்ட்ரிக்டின் பணம் ஒரே பெட்டியில் இல்லை. சம்பளம் பொது நிதியிலிருந்து. கட்டடங்கள் பாண்டு, அதாவது கடன் பத்திரம், மூலம் வாங்கிய கடனிலிருந்து. அந்தக் கடனை அடைக்கத் தனி வரி. கலிஃபோர்னியாவில் வாக்காளர்களில் 55 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டால் பள்ளிப் பாண்டு நிறைவேறும். டெக்சாஸில் உங்கள் வரிச் சீட்டிலேயே நடைமுறைச் செலவுக்கு ஒரு விகிதம், கடனுக்கு ஒரு விகிதம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். பாண்டுப் பணத்தில் டீச்சருக்குச் சம்பளம் தருவது சட்டவிரோதம். அதனால் 'ஸ்டேடியத்தை நிறுத்தி டீச்சரை வைத்துக்கொள்ளுங்கள்' என்று மைக்கில் சொன்னால் போர்டு ஒரே வாக்கியத்தில் உங்களை உட்காரவைத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கட்டி முடித்தபின் அதன் மின்சாரம், பராமரிப்பு, காவல் எல்லாம் எந்த நிதியிலிருந்து போகும்? அது பொது நிதிதான். ஆண்டுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ரிசர்வ், அதாவது கையிருப்பு நிதி, பற்றியும் இதே போன்ற குழப்பம் உண்டு. இரண்டு மாதச் செலவுக்காவது கையிருப்பு வேண்டும் என்பது அரசு நிதி அலுவலர் சங்கத்தின் பரிந்துரை. நியூயார்க்கில் ஒதுக்கப்படாத கையிருப்பு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கையிருப்பு ஒரு முறை செலவழித்தால் தீர்ந்துவிடும். சம்பளம் ஆண்டுதோறும் வரும். இரண்டு ஆண்டுக்குப் பாலமாக அதைப் பயன்படுத்தலாம், அதற்குள் என்ன மாறப்போகிறது என்று டிஸ்ட்ரிக்ட் சொல்ல முடிந்தால்.

எப்போது பேசுவது என்பது எதைப் பேசுவது என்பதற்குச் சமமாக முக்கியம். பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. ஜூன் மாதம் பட்ஜெட் மீது பொது விசாரணை நடக்கும், பெற்றோர் திரண்டு வருவார்கள், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கலிஃபோர்னியாவில் ஆசிரியர்களுக்கு ஆட்குறைப்பு முன்னறிவிப்பு மார்ச் 15-க்குள் போயாக வேண்டும். எனவே யாரை எடுப்பது என்பது பிப்ரவரியிலேயே முடிவாகிறது. நியூயார்க்கில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் மே மூன்றாம் செவ்வாய் மக்களே பட்ஜெட்டுக்கு வாக்களிக்கிறார்கள். அங்கும் மார்ச்சுக்குள் வரைவு உருவாகிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும் பட்ஜெட் ஸ்டடி செஷனுக்கு, அதாவது போர்டு பட்ஜெட்டை ஆராயும் கூட்டத்துக்கு, போங்கள். பார்வையாளர் நாற்காலிகள் காலியாக இருக்கும், உங்கள் குரல் கேட்கும்.

பேசக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நிமிடம். வளர்ச்சி எண்களைப் பார்த்துவிட்டுப் போய், பின்தங்கிய ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லி, அங்கே இந்த ஆண்டு எத்தனை கோச், அடுத்த ஆண்டு எத்தனை, அவர்களின் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அந்த நிதி எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். பயிற்சி நாட்களைக் குறைக்கிறார்கள் என்றால், ஒரு டீச்சருக்கு ஒரே பாடத்தில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று கேளுங்கள். போர்டு அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை. அஜெண்டாவில் இல்லாததை விவாதிக்கவும் சட்டம் பெரும்பாலும் அனுமதிக்காது. ஆகவே அதே கேள்விகளை முந்தைய நாளே போர்டு உறுப்பினர்களுக்கும் நிதி அதிகாரிக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் தேட வேண்டியிருக்கும்.

விசா விஷயம். போர்டு மீட்டிங்குகள் மாநிலங்களின் திறந்த கூட்டச் சட்டங்களின் கீழ் வருபவை. கலிஃபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டம், வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பே வெளியிடச் சொல்கிறது, பொதுமக்கள் பேச இடம் தரச் சொல்கிறது. எழுந்து பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. விசா நிலையை யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டு வரியாகவோ வாடகை வழியாகவோ இந்தப் பள்ளிகளுக்கு நீங்களும் பணம் தருகிறீர்கள், தயங்க வேண்டாம்.

வாக்களிப்பது வேறு விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் குடிமக்கள் அல்லாத பெற்றோர் பள்ளி போர்டுத் தேர்தலில் வாக்களிக்க அனுமதி உண்டு. அங்கும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். மற்ற இடங்களில் வாக்காளர் பதிவுப் படிவத்தில் தவறுதலாகக்கூடக் கையெழுத்திடாதீர்கள். கார் லைசென்ஸ் வாங்கும் இடத்தில் இது நடந்து, பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரும் சிக்கலானவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று நிமிடப் பேச்சைவிட வலுவான வழி ஆலோசனைக் குழுக்கள். கலிஃபோர்னியாவில் டிஸ்ட்ரிக்டின் திட்ட ஆவணத்தைப் போர்டு ஏற்பதற்கு முன் பெற்றோர் ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். பள்ளி அளவிலும் சைட் கவுன்சில் என்ற, பெற்றோர் இடம்பெறும் குழு உண்டு. டெக்சாஸிலும் டிஸ்ட்ரிக்ட் அளவிலும் பள்ளி அளவிலும் பெற்றோர் இடம்பெறும் திட்டக் குழுக்கள் சட்டப்படி உண்டு. பள்ளி திறக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் இவற்றுக்கு ஆள் தேடுவார்கள். பிரின்சிபல் அலுவலகத்தில் போய்ப் பெயர் கொடுத்துவையுங்கள். முதல் சில கூட்டங்களில் எண்கள் புரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருங்கள். ஜனவரி வரும்போது அந்த அறையில் ஆவணத்தை முழுதாகப் படித்தவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள்.